கருஞ்சீரகச் செடியும் சர்க்கரை நோயாளிகளும்

கருஞ்சீரகத்தை அறியாதவர் நம்மிடையே குறைவு. ஆயினும் அதன் பூவைக் கண்டவர்கள் மிகச் சிலரே. நூலிழை போன்ற இலைகளுக்கு நடுவே வெளிர்நீலத்தில் மலரும் பூ அது. இதழ்கள்போல் தோன்றும் அவ்வைந்தும் உண்மையில் புல்லிகள். முளைத்து, பூத்து, விதை தந்து ஒரே பருவத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் இச்செடி ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமே வளரும். வெயில் விழும் முற்றத்திலோ மாடியிலோ இதனை எளிதில் வளர்க்கலாம்.

தோட்டவேலை மிதமான உடலுழைப்பாகும். உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்வதால், சர்க்கரை நோயாளிகளுக்கு அது நன்மை தரும். சில எச்சரிக்கைகளை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

வளர்க்கும் முறை

கருஞ்சீரகம் குளிர்காலப் பயிர். நம் பகுதியில் கனமழை ஓய்ந்தபின், கார்த்திகை இறுதியில் விதைப்பது ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இடுங்கள். பிடுங்கி நட்டால் வேர் தாங்காது என்பதால், வளரவேண்டிய இடத்திலேயே விதையுங்கள். அரை அங்குல ஆழம் போதும். முளைத்தபின் ஆறு அங்குலத்திற்கு ஒரு செடி இருக்குமாறு கலைத்துவிடுங்கள். நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றினால் போதும். இரண்டு முதல் மூன்று மாதங்களில் பூக்கும். பின்னர் காய்கள் பழுப்பேறிக் காய்ந்ததும் விதைகளைச் சேகரிக்கலாம்.

மண்ணில் இறங்குமுன்

நீடித்த சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் தைத்தாலும் மாடித்தளம் சுட்டாலும் தெரியாது. அவ்வாறு கவனிக்கப்படாத சிறு காயமே ஆறாப் புண்ணாகி, காலை இழக்கும் நிலைவரை கொண்டுசெல்லக்கூடும். ஆகவே வெறுங்காலுடன் தோட்டத்தில் நடக்க வேண்டாம். விரல்களை மூடும் காலணியும் கையுறையும் அணியுங்கள். மழைக்கால ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். அது சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்குகிறது. புண் உள்ளபோது மண்ணைத் தொடாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள் உட்கொள்பவர்களும் வெறும் வயிற்றுடன் வேலை செய்யலாகாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கலந்து அருந்திவிட்டு ஓய்வெடுங்கள். காலை இளவெயிலே வேலைக்கு ஏற்ற நேரம்.

வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கவேண்டும். உள்ளங்காலை நோயாளி தாமே முழுமையாகப் பார்ப்பது கடினம். அதை நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வது, உடனிருந்து பராமரிப்பவர் செய்யக்கூடிய பேருதவி. சிவப்பு, கொப்புளம், கசிவு எது தென்பட்டாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் வாருங்கள்.

விதையை மருந்தாக்குமுன்

சமையலில் சேர்க்கும் சிறிதளவு கருஞ்சீரகத்தால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் பொடியாகவோ எண்ணெயாகவோ நாள்தோறும் மருந்துபோல் உட்கொள்வது வேறு. அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கக்கூடும். ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளுடன் சேரும்போது அவை அளவுக்கு மீறித் தாழலாம். இரத்தம் உறைவதையும் பாதிக்கக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிகள் மருந்தளவில் உட்கொள்ளலாகாது. இதனை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவது பேராபத்து.

அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச்சீட்டுடன் வீட்டில் உட்கொள்ளும் பொடி, எண்ணெய், கஷாயம் ஆகியவற்றையும் தயக்கமின்றி எடுத்துவந்து காட்டுங்கள். அவற்றையும் அறிந்தால்தான் மருந்தின் அளவைச் சரியாக முடிவுசெய்ய இயலும்.