மறதி நோயாளரைக் காப்போருக்கு யார் துணை?

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து தாத்தா தேடுவது எல்லா இல்லங்களிலும் நடப்பதுதான். அதனை நோய் என்று கூறுவாரில்லை. ஆயின், கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே, "இஃது எதற்கு?" என்று ஒருவர் கேட்பாராயின், அது மூளையைப் பற்றிய நோயின் அறிகுறியாகலாம். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் என்போம். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும் எனக் காட்டிற்று.

நோயாளரைப் பற்றி எழுதியோர் பலர். அவருக்குச் சோறூட்டி, நீராட்டி, இரவெல்லாம் விழித்திருப்பவரைப் பற்றியே நாம் இங்குக் கூற விழைகின்றோம்.

இந்நோயின் வரலாற்றைப் பாருங்கள். 1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் ஆகுஸ்தே டீட்டர் என்னும் 51 வயது மாது சேர்க்கப்பட்டார். அவரைக் கூர்ந்து ஆராய்ந்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906இல் அம்மாது இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்காடியில் கண்டு, தாம் கண்டதை அவ்வாண்டே மருத்துவர் கூட்டமொன்றில் உரைத்தார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மருத்துவரை உலகம் அறியும். அம்மாதின் பெயரையும் ஓரளவு அறியும். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர்தம் கணவரை நினைப்பார் எத்தனை பேர்? வீட்டில் வைத்துப் பார்க்க இயன்றவரை பார்த்து, இயலாத நிலையில்தான் மனைவியை அவர் மருத்துவமனைக்குக் கொணர்ந்தார். இன்னொன்று கேளுங்கள். அம்மாதிடம் முதன்முதல் தோன்றிய அறிகுறி, அந்தக் கணவர் மீதே கொண்ட காரணமற்ற ஐயம்!

நூறாண்டுகளுக்கு மேலாகியும் இது மாறவில்லை. 'என் நகையைத் திருடிவிட்டாள்', 'எனக்குச் சோறு போடுவதில்லை' என்ற பழி, அல்லும் பகலும் அருகிலிருக்கும் மருமகள் மீதோ மகள் மீதோதான் விழுகின்றது. பாட்டி நகையைத் தாமே எங்கோ வைத்திருப்பார். வைத்ததை மூளை பதிவு செய்யவில்லை. ஆகவே, யாரோ எடுத்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். இதனை அறியாத அண்டை வீட்டார் பாட்டியின் சொல்லை நம்பி அந்தப் பெண்ணைத் தூற்றும்போது, அவள் படும் துயர் சொல்லுந்தரமன்று.

புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப்பகுதியே இந்நோயில் முதலில் கெடுகின்றது. பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கின்றன. எனவேதான் காலையில் பசியாறியதை மறந்த பெரியவர், விடியுமுன் எழுந்து, "பிரட்டுக்கு நேரமாயிற்று, வாளி எங்கே?" என்று செராஸ் அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டுகின்றார். "தோட்டம் ஏது? வீடு கட்டிவிட்டார்களே!" என்று அவரோடு வாதிடுவதால் பயனில்லை, அச்செய்தியை அவர் அன்றன்றும் புதிதாகக் கேட்டு வருந்துவார். "எத்தனை மரம் வெட்டுவீர்கள் தாத்தா?" என்று கேட்டு ஒரு கோப்பைத் தேநீர் தந்தால், பெரும்பாலும் அமைதியாக அமர்ந்துவிடுவார். நம் மாணவர்களாலும் இஃது இயலும். பால்மரத்தையே கண்டிராத பிள்ளைகளுக்கு மங்கும் வாளியும் பற்றிய கதை கிடைக்கும். தாய்க்கு அரைமணி நேர ஓய்வும் கிடைக்கும்.

ஓய்வு என்றோம். அதுவே இங்கு அரிய பொருள். அமெரிக்காவில் இத்தகைய குடும்பங்களுக்கென 1981இல் வெளிவந்த வழிகாட்டி நூலொன்றுக்கு '36 மணி நேர நாள்' என்றே பெயரிட்டனர். வீட்டாரும் நண்பர்களும் மறதி நோயாளர் ஒருவருக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் செலவிடுகின்றனர் என்றும், இப்பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வேலையை விட்டு வீட்டில் அடைந்து, மனச்சோர்வுக்கு ஆளாவோர் பலர்.

உடன்பிறந்தாரிடம் ஒன்று கூற வேண்டியுள்ளது, கசப்பாயினும் பொறுத்தருள்க. திங்களுக்கொருமுறை ஒரு மணி நேரம் வந்துவிட்டு, "அம்மா நன்றாகத்தானே பேசுகிறார்கள், நீ மிகைப்படுத்துகிறாய்" என்று கூறிச் செல்லும் அண்ணன்மார் உளர். விருந்தினர் முன் சிறிது நேரம் தெளிவாகப் பேசுவது இந்நோயாளரிடம் காணப்படும் இயல்புதான். ஓரிரவு தங்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். "உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "வேண்டாம்" என்றே விடை வரும். "சனிக்கிழமை காலை 9 மணி முதல் 1 மணி வரை அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உறங்கு" என்பதே உதவி.

நம் செராஸில் ருமா ஸ்ரீ கெனாங்கான் என்னும் அரசு முதியோர் இல்லம் உள்ளது. கெனாங்கான் என்னும் மலாய்ச் சொல் நினைவைக் குறிப்பது. ஆயினும் அவ்வில்லம் ஆதரவற்ற முதியோர்க்கே உரியது. ஆகவே, குடும்பமுள்ள நோயாளருக்கு வீடே புகலிடம். அவ்வீட்டுக்குத் துணை இல்லாமலில்லை. முதலில் அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்க. சத்துக் குறைவும் தைராய்டுக் குறையும் மனச்சோர்வும்கூட மறதியாகத் தோன்றலாம், அவை சிகிச்சைக்குரியவை. பேய் பிடித்தது, பைத்தியம் என்று மூடி மறைப்பதால் அவ்வாய்ப்பும் போகின்றது. மேற்சிகிச்சை தேவைப்பட்டால் பண்டார் துன் ரசாக்கிலேயே துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை உள்ளது. 1997இல் தோன்றிய மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் பகல் பராமரிப்பு நிலையம் நடத்துவதோடு, பராமரிப்போர் கூடிப் பேசவும் வழி செய்கின்றது. வீட்டை விட்டு ஒரு மணி நேரம்கூட அகல முடியாதவருக்கு அந்தத் தொலைவே தடையாகலாம்; அழைத்துச் செல்ல வண்டியுள்ள உறவினர் வேண்டும். படுத்த படுக்கையானோரைப் பராமரிப்பவர்க்குச் சமூக நல இலாகா வழங்கும் உதவித்தொகை ஒன்றுண்டு. 15999 என்னும் எண்ணில் விவரம் கேட்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை சில. மாலை மங்குமுன் விளக்கேற்றுங்கள். அந்நேரத்தில்தான் கலக்கம் மிகும். வழி தவறினால் உதவும் பொருட்டுப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைப் பெரியவரின் சட்டைப் பையில் வையுங்கள். மருத்துவரிடம் நோயாளரை அழைத்துச் செல்லும் அதே நாளில், பராமரிக்கும் பெண்ணின் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவள் தனக்கென ஒருநாள் ஒதுக்கி வரமாட்டாள்.