பயணம் போகிறோம், பூனைக்கு மருந்து யார் கொடுப்பது?

பயணம் என்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. கோடை விடுமுறையில் தாய்வீடு செல்வதும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் மக்களைக் கண்டுவரப் புறப்படுவதும், உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் நிய்யத் வைத்துக் கிளம்புவதும் கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், லால்பேட்டை எனப் பல ஊர்களிலும் நாம் காணும் காட்சிகளே. புறப்படுமுன் வீட்டைப் பூட்டுகிறோம், எரிவாயுவை மூடுகிறோம், கடன்களைத் தீர்க்கிறோம், உறவினரிடம் பிழை பொறுக்கச் சொல்கிறோம். ஆனால், அடுப்படி ஓரத்தில் படுத்திருக்கும் பூனைக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கவேண்டியிருந்தால், அதற்கு நாம் செய்யும் ஏற்பாடு என்ன?

"பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்திருக்கிறோம், மீன் வைப்பார்கள்" என்பதே பெரும்பாலான வீடுகளின் விடை. நலமுள்ள பூனைக்கு அது ஓரளவு போதும். நோயுற்ற பூனைக்குப் போதாது.

இரை வேறு, மருந்து வேறு

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நம்மில் பலரும் சிறு வயதிலேயே கேட்டதுதான். அப்பெண் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்னவும் அதை அவிழ்த்துவிடவில்லை. குற்றத்தின் இரு பகுதிகளையும் கவனிக்கவேண்டும். ஓர் உயிரின் வாழ்வு முழுவதையும் நம் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கையை மூடிக்கொள்வதே அங்கே கண்டிக்கப்படுகிறது.

தெருவில் திரியும் பூனை எலி பிடிக்கும். மீன் சந்தையில் கழிவு பொறுக்கும். இரையைத் தேடிக்கொள்ள இறைவன் அதற்கு வழி வைத்திருக்கிறான். ஆனால் இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் எந்தப் பூனையும் தேடிக்கொள்ளாது. மருந்தால் உயிர் வாழும் பூனை, நாம் கட்டாமலேயே நம்மோடு கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே அதன் மருந்தைப் பிறரிடம் ஒப்படைப்பது அண்டை வீட்டாரிடம் கேட்கும் சில்லறை உதவியன்று. அது ஓர் அமானிதம். பெறுபவருக்கு அமானிதத்தின் கனம் தெரியவேண்டும். கொடுப்பவர் அதை முழுமையாகக் கொடுக்கவேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. ருக்மணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் உருப்பெற்ற 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உரிமையாளர் தம் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தரத் தவறுவதையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் அதைக் கைவிடுவதையும் குற்றமாகவே கூறுகிறது.

எந்த நோய், என்ன கவனம்?

வயது முதிர்ந்த பூனைகளுக்கு வரும் நீண்டகால நோய்கள் பெரும்பாலும் மனிதருக்கு வருபவையே: நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, இதய நோய், சிறுநீரக நலிவு, ஆஸ்துமா. இளம் பூனைக்கும் வலிப்பு நோய் வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒப்படைக்கும் முறை வேறு.

நீரிழிவுப் பூனைக்குப் பொதுவாக 12 மணி நேரத்திற்கு ஒருமுறை இன்சுலின் போடவேண்டும். இதில் ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரட்டிப்பாகப் போட்டுவிடுவதே பேராபத்து. "போட்டோமா, இல்லையா?" என்ற ஐயம் வந்தால் அந்த வேளை போடாமல் விடுவதே பாதுகாப்பு. பூனை உண்ணாவிட்டால் மருத்துவரைக் கேளாமல் ஊசி போடலாகாது. ஊசிக்குப் பின் தள்ளாடினாலோ சோர்ந்து விழுந்தாலோ ஈற்றில் சிறிது தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

இன்னொரு நுட்பம்: நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்ட இன்சுலினும் விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கும் இன்சுலின் இருக்குமானால், பூனையின் மருந்தையும் குழல்களையும் தனிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதுவது கட்டாயம்.

வலிப்பு மாத்திரை இதற்கு நேர்மாறானது. அதைத் திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த வலிப்பு மீண்டும் கிளம்பும். மருத்துவர் சீட்டின்றிக் கடையில் தரமாட்டார்கள். ஆகவே குறைந்துபோகும் வாய்ப்பே இல்லாதபடி முன்கூட்டி வாங்கி வைக்கவேண்டும். தைராய்டு மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் வெறுங்கையால் தொடுவது நன்றன்று. பூனையின் மலமணலை அள்ளுவதையும் அவர்கள் தவிர்க்கவேண்டும். மருந்து கொடுக்க ஒப்புக்கொண்ட வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

வீட்டிலேயே விடுவதா, ஊர் மாற்றுவதா?

சிதம்பரத்தில் வாழும் ஒரு குடும்பம் 15 நாள் உம்ராவுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்தா கடலூரில் இருக்கிறார். சுமார் 45 கிலோ மீட்டர்தான். பூனையைக் கூடையில் வைத்து அங்கே கொண்டுபோய் விடலாமா?

பூனை, மனிதரோடு இடத்தையும் பற்றிக்கொள்ளும் பிராணி. புது வீட்டில் முதல் சில நாள்கள் கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும், உண்ண மறுக்கும், கதவு திறந்தால் பழைய வீட்டைத் தேடி ஓடவும் பார்க்கும். நோயில்லாத பூனைக்கே இது தொல்லை. உண்டால்தான் மருந்து என்ற நிலையிலுள்ள பூனைக்கு இது ஆபத்து. ஆகவே நாளுக்கு இருமுறை வந்துபோகக்கூடிய நம்பிக்கையான ஒருவர் அதே தெருவில் இருந்தால், வீட்டிலேயே விடுவதுதான் முதல் தேர்வு.

அப்படி யாரும் இல்லையென்றால் ராத்தா வீடே மேல். ஆனால் புறப்படும் நாளன்று விடக்கூடாது. ஒரு வாரம் முன்னதாகவே கொண்டுபோய், ஒரே அறையில் சாளரம் அடைத்து வைத்து, அதன் பழைய படுக்கைத் துணி, உணவுத் தட்டு, மணல் தட்டு ஆகியவற்றையும் உடன் வைக்கவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் பயணம் வேண்டாம், அதிகாலையே நன்று.

மூன்றாவது வழி, கட்டணம் பெற்றுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம். பெருநகரங்களில் இத்தகையவை உள்ளன. அங்கே கேட்கவேண்டிய கேள்வி, "மருந்து கொடுப்பீர்களா?" என்பதன்று, அதற்கு எவரும் "ஆம்" என்றே சொல்வர். "யார் கொடுப்பார்? இரவில் யார் இருப்பார்? நாய்களிலிருந்து தனி அறை உண்டா? தடுப்பூசிச் சான்று கேட்பீர்களா?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

"முடியாது" என்று சொல்ல இடம் கொடுங்கள்

நம் குடும்பங்களில் உறவினர் கேட்டால் மறுத்துப் பேசுவது அரிது. அதிலும் ஹஜ், உம்ரா செல்பவர் கேட்டால் யார்தான் இல்லை என்பார்? அந்த முகத்தாட்சண்யமே பூனைக்கு எமனாகலாம். பூனை கீறுமோ என்று அஞ்சும் ஒருவர் வாய்நிறையச் சம்மதித்து, பிறகு மாத்திரையை மீன் துண்டில் செருகித் தட்டில் வைத்துவிட்டுப் போவார். பூனை மீனைத் தின்று மாத்திரையைத் துப்பியிருக்கும்.

எனவே கேட்கும்போதே, "உங்களால் இயலாவிட்டால் சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை, வேறு வழி பார்த்துக்கொள்கிறோம்" என்று சேர்த்துச் சொல்லவேண்டும். இயலுமென்று சொன்னவரை மூன்று நாள் வரச்சொல்லிப் பழக்கவேண்டும். முதல் நாள் அவர் பார்க்கட்டும். இரண்டாம் நாள் நாம் பார்க்க அவர் கொடுக்கட்டும். மூன்றாம் நாள் அவர் தனியாகக் கொடுக்கட்டும். மாத்திரையை நாவின் அடிப்பகுதியில் வைத்ததும், ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி தண்ணீரை மெல்லப் புகட்டவேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். இதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது, கையால்தான் கற்பிக்கமுடியும்.

கூலிக்கு ஒருவரை அமர்த்தினால் தொகையை முன்னரே பேசி, பாதியைப் புறப்படுமுன் கொடுத்துவிடுவது முறை. உறவினரானாலும் மருந்து, மீன், ஆட்டோச் செலவு அவர் தலையில் விழலாகாது. எவர் பொறுப்பேற்றாலும், அவருக்கே காய்ச்சல் வந்தால் யார் வருவார் என இரண்டாமவர் ஒருவரையும் தயார்செய்து வைக்கவேண்டும்.

எழுதி வையுங்கள்

தவணைக் கடனைக் கூட எழுதிவைக்கும்படி பகரா அத்தியாயம் கட்டளையிடுகிறது. உயிர் சார்ந்த பொறுப்பை வாய்ச்சொல்லில் விடலாமா? மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே ஒரு தாளில் தெளிந்த தமிழில் இவற்றை எழுதி, மருந்துப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்:

பூனையின் பெயர், வயது, எடை, நோய். மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம், உணவுக்கு முன்பா பின்பா. ஒரு வேளை தவறினால் செய்யவேண்டியது. வழக்கமான மருத்துவரின் பெயரும் எண்ணும். இரண்டாம் பொறுப்பாளரின் எண். அதன் கீழே நாள்வாரியாகக் கட்டம் போட்டு, மருந்து உள்ளே போனதும் குறியிடச் சொல்லுங்கள். காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் வரும் வீட்டில், இந்தக் குறிதான் இரட்டை மருந்தைத் தடுக்கும் காவல்.

வேளைக்குக் கடிகாரம் தேடவேண்டாம். நம் கடற்கரை மாவட்டத்தில் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவிலேயே முன்பின் நகர்கிறது. காலை 6 மணி, மாலை மஃரிபை ஒட்டி என வைத்துக்கொண்டால் 12 மணி இடைவெளி இயல்பாகவே அமையும், பாங்கோசையே நினைவூட்டும். மக்காவின் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. நம் மாலை 6 மணி அங்கே பிற்பகல் 3.30. அப்போது ஒரு சிறு செய்தி வந்தால் பயணியின் மனம் அமைதியாகும்.

மருந்தை நாள் கணக்குக்குச் சரியாக வைக்காதீர்கள். 15 நாள் பயணத்துக்கு 25 நாள் மருந்து இருக்கட்டும். விமானம் தாமதமாகும், மாத்திரை துப்பப்படும், குப்பி உடையும். ஐப்பசி முதல் மார்கழி வரை பயணமானால் புயலையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகளில் பல நாள்கள் மின்சாரமே இல்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். மின்சாரம் நின்றால் ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானை அவசரத்துக்கு உதவும். உறைந்த பனிக்கட்டியோடு ஒட்டிவைத்தால் மருந்து கெட்டுவிடும். வெப்பத்தில் கிடந்த மருந்தை மேலும் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

அன்பால் கொடுக்கும் நஞ்சு

பொறுப்பேற்பவரிடம் மறவாமல் சொல்லவேண்டியது ஒன்று: பூனை சோர்ந்திருந்தால் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதுமான அளவு இல்லை. 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஒரு நாள் முழுதும் உண்ணாமை, வாய் திறந்து மூச்சு வாங்குதல், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் போகாமை, பின்னங்கால்கள் திடீரென விழுதல், வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தல் – இவற்றுள் எது வந்தாலும் தொலைபேசியில் யோசனை கேட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. கூடுதல் சிகிச்சை வேண்டுமாயின், 1994இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் இருக்கிறது. எங்கே, எந்த நேரத்தில் மருத்துவர் இருப்பார் என்பதைப் புறப்படுமுன் நாமே நேரில் விசாரித்து எழுதிவைப்பது நல்லது.

முடிவெடுக்கும் உரிமையும் ஒப்படையுங்கள்

நாம் விமானத்தில் இருக்கும்போது பூனை மோசமானால் யார் முடிவு செய்வது? "இவர் எங்கள் பூனைக்குப் பொறுப்பாளர், இத்தொகை வரை எங்களைக் கேளாமலேயே சிகிச்சை செய்யலாம்" என்று மருத்துவருக்கு ஒரு கடிதமும், உறையில் அத்தொகையும் வைத்துச் செல்லவேண்டும். முதிய பூனையானால் இன்னொரு சொல்லும் தேவை: "எல்லாம் செய்தும் அல்லாஹ் அதை எடுத்துக்கொண்டால் உங்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." இதை முன்னரே கேட்டவர் அச்சமின்றிக் கடமை செய்வார், கேளாதவர், கெட்ட செய்தியைச் சொல்ல அஞ்சி நேரத்தை வீணாக்குவார்.

ஒளுச் செய்ய வைத்த நீரைக் குடிக்க வந்த பூனைக்காகப் பாத்திரத்தையே சாய்த்துக்கொடுத்தார்கள் நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றிவரும் உயிர்களுள் ஒன்று என்று நபிகளார் (ஸல்) சொன்னதையும் அப்போது நினைவூட்டினார்கள். நம்மைச் சுற்றிவரும் அந்த உயிர், நாம் ஊரில் இல்லாத நாள்களில் வேறொருவரைச் சுற்றிவரவேண்டியிருக்கிறது. பயணப் பெட்டியைக் கட்டத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, அந்த வேறொருவரின் கையில் மருந்துப் பெட்டியையும் எழுதிய தாளையும் கொடுத்துவிடுங்கள், சகோதரிகளே! பூட்டிய வீட்டைப் பற்றிய கவலையில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும்.