'பராமரிப்பே வேண்டாம்' என்று வாங்கிய எச்செவெரியா ஏன் அழுகுகிறது?

ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கியபோது தாமரை மாதிரி அடுக்கடுக்காக விரிந்திருந்த குட்டிச் செடி, இரண்டே மாதத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறதா? இல்லை, அடி இலைகள் கொழகொழவென்று கழன்று விழுகின்றனவா? 'டெஸ்க் பிளான்ட், பராமரிப்பே வேண்டாம்' என்று சொல்லித்தான் வித்திருப்பாங்க. அது பாதி உண்மைதான். தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் வெளிச்சம் நிறைய கேட்கும்.

எச்செவெரியாவின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். பாறை இடுக்கு, பளிச்சென்ற வெயில், குளிர்ந்த இரவு, மழை பெய்தாலும் உடனே வடிந்துவிடும் மண். 18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுத் தாவரங்களை வரைந்த ஓவியர் அதனாசியோ எச்செவெரியாவின் நினைவாக 1828-இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. நம்ம ஊர் ரணகள்ளியும் இதே குடும்பம்தான்.

இரவில் மூச்சுவிடும் செடி

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இது இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கும். வெயிலில் நீரை இழக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இரவு குளிர்ந்தால்தான் இது நன்றாக நடக்கும். அதனால்தான் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் சுலபமாக வளரும் இதே செடி, மும்பை மழைக்காலத்திலும் சென்னைப் புழுக்கத்திலும் திணறுகிறது. அங்கே மண் காய்வதே இல்லை, வேர் அழுகிவிடுகிறது.

'வாரம் ஒரு முறை தண்ணீர்' என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அடி இலையைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். லேசாகத் தளர்ந்து சுருங்கியிருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊத்துங்க. இலை மஞ்சளாகி, கண்ணாடி போல ஆனால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணம் போட்டோவுக்கு அழகு. செடிக்கு அது குளம். சிறிய மண்தொட்டியில், பாதிக்கு மேல் பெர்லைட் அல்லது பருமணல் கலந்த மண் போதும்.

கழுத்து நீண்டால்?

அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடும் தவிப்பு. ஆபீஸ் டியூப்லைட் நம் கண்ணுக்குத்தான் பிரகாசம். கிழக்குப் பார்த்த பால்கனியில் நாலு மணி நேரம் காலை வெயில் கிடைத்தால் நல்லது. ஆனால் நிழலில் இருந்ததை டெல்லி மே மாத வெயிலில் திடீரென்று வைத்தால் கருகிவிடும். இரண்டு வாரத்தில் மெல்லப் பழக்குங்கள்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தலைப்பகுதியை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, நிழலில் சில நாள் காயவைத்து நடுங்கள். மிஞ்சிய தண்டையும் தூக்கிப் போடாதீங்க, அதிலிருந்தே குட்டிகள் வரும். இலை மேல் இருக்கும் வெண்பொடியைத் தூசி என்று துடைக்கவும் வேண்டாம். அது வெயிலைத் தாங்கும் மெழுகு. துடைத்த இடத்தில் பெரும்பாலும் திரும்ப வராது. இலை இடுக்கில் பஞ்சு போலத் திட்டுத்திட்டாக இருந்தால் மட்டும் அது மாவுப்பூச்சி. அதைப் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு எடுத்துவிடலாம்.

மேசையில்தான் வைத்தாகணும் என்றால், ஜன்னலோர மேசைக்கு ஹவார்த்தியா கேளுங்கள். குறைந்த வெளிச்சத்தை அது இதைவிட நன்றாகவே தாங்கும்.