குடியானவர் நிலத்தில் வீட்டு மோட்டார்ப் பேட்டை அமைத்தல்

பழைய நாளில் திருவிழாவுக்கும் சந்தைக்கும் செல்லுவோர் கூண்டு வண்டி பூட்டிப் புறப்பட்டு, அந்தி சாயும் வேளையில் வழியிலுள்ள ஒரு வண்டிப்பேட்டையில் அவிழ்த்துப் போட்டுத் தங்குவது வழக்கம். பேட்டையின் பெருமை அதன் கட்டிடத்தைப் பொறுத்ததன்று. மாட்டுக்குத் தொட்டித் தண்ணீர், மனிதருக்கு நல்ல கிணற்று நீர், புளியமர நிழல், சேறில்லாத தரை, திருட்டுப் பயமின்மை ஆகிய இவ்வைந்தும் இருந்தால், வந்தவர் மறுவருஷமும் அங்கேயே வந்து அவிழ்ப்பர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அடுத்த பேட்டைக்கு ஓட்டிப் போய்விடுவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிலமுடையோர் பலர் இன்று நடத்திவரும் வீட்டு மோட்டார்ப் பேட்டைகளின் தத்துவமும் இதுவே. மாடு போய் மோட்டார் வந்ததேயன்றி, பிரயாணியின் தேவை அதிகமாய் மாறிவிடவில்லை.

வீட்டு மோட்டார் என்பது படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கக்கூசு முதலியவை உள்ளேயே அமைந்த வண்டி. சில தாமே ஓடுவன. சில மற்றொரு மோட்டாரின் பின்னால் இழுக்கப்படுவன. 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கப்பற்படை வைத்தியர், 'வாண்டரர்' என்று பெயரிட்ட வீட்டு வண்டியில் இரண்டு குதிரைகளைப் பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குச் சென்றார். 1907-ஆம் ஆண்டில் அத்தேசத்தில் இவ்வகைப் பிரயாணிகளின் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அமெரிக்காவில் 1920-க்குப் பின் பல ஊர்கள் மோட்டார்ப் பிரயாணிகளுக்கு இலவசமாகவே தங்குமிடம் ஒதுக்கின. நாளடைவில் வேலையற்றோர் அங்கேயே குடியேறியபடியால், சிறு கட்டணம் வாங்கவும், தங்கும் நாட்களை வரையறுக்கவும் வேண்டியதாயிற்று. 1962-ஆம் ஆண்டில் ஸியாட்டில் நகரின் உலகப் பொருட்காட்சிக்குச் சென்றோர் மாண்டானா ராஜ்யத்தின் பில்லிங்ஸ் ஊர் வழியாகப் போவதைக் கண்ட டேவ் டிரம் என்பவர், எல்லோஸ்டோன் ஆற்றங்கரையிலுள்ள தமது நிலத்தில் ஒரு பேட்டை திறந்தார். ஓர் இரவுக்கு 1.75 டாலர் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்தவை வெந்நீர் ஸ்நானம், சுத்தமான கக்கூசு, உணவு மேஜை, தீ மூட்டும் வளையம், ஒரு சிறு கடை ஆகியவையே. கே.ஓ.ஏ. என்னும் பெரிய ஸ்தாபனம் இதிலிருந்துதான் வளர்ந்தது. வந்தோரை மகிழ்விக்க ஆடம்பரம் தேவையில்லை என்பது இதனால் விளங்கும்.

இடம் தெரிந்தெடுத்தல்

நீர்நிலையின் ஓரம் பார்வைக்கு அழகானது. பிரயாணியும் அதையே முதலில் கேட்பான். ஆனால் இவ்விஷயத்தில் நிலமுடையோர் கண்ணைக் காட்டிலும் நீர் வரும் வழியையே பெரிதும் கவனித்தல் வேண்டும். ஸ்பெயின் தேசத்தில் பிரினீஸ் மலையடிவாரத்திலுள்ள பியெஸ்காஸ் என்னுமிடத்தில், மலையோடை கொண்டுவந்து பரப்பிய வண்டல் மேட்டின்மேல் ஒரு முகாம் அமைக்கப்பட்டிருந்தது. 1996 ஆகஸ்டு 7-ந் தேதி மாலையில் பெய்த பெருமழையால் ஓடை தன் பழைய வழியையே திரும்பப் பிடித்துக்கொள்ள, 87 பேர் மாண்டனர். அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா ராஜ்யத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில் 2010 ஜூன் 11-ந் தேதி விடியுமுன் வந்த வெள்ளத்தில் 20 பேர் இறந்தனர். 2025 ஜூலை 4-ந் தேதி டெக்ஸாஸ் ராஜ்யத்துக் குவாடலூப் ஆறு ஒரு மணி நேரத்திற்குள் இருபது அடிக்குமேல் உயர்ந்து, கரையிலிருந்த வீட்டு மோட்டார்ப் பேட்டைகளையும் வாரிக்கொண்டு போயிற்று.

இவற்றில் அயலூராரே மிகுதியும் அகப்பட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. உள்ளூர்க் குடியானவன் வெள்ளம் எதுவரை ஏறும் என்பதைத் தகப்பன் வாயிலாய் அறிவான். அயலானுக்கு அந்த அறிவு கிடையாது. அவன் நிலமுடையவனை நம்பியே கண்ணை மூடுகிறான். ஆகையால் வண்டிகள் நிற்கும் இடம் மேட்டிலும், விளையாடுமிடமும் நடைபாதையும் மாத்திரம் தாழ்விலும் இருப்பதே முறை. ஆற்றைப் பார்க்கும்படி மேட்டில் தங்கவைப்பதால் பிரயாணிக்குக் குறைவொன்றுமில்லை.

விளைச்சலுள்ள மேல்மண் நிலத்தை இதற்குக் கொடுத்தலும் தவறு. சரளை பரப்பிக் கனத்த வண்டிகள் ஓடிய தரை இறுகிப்போகும். அதை மீண்டும் உழவுக்குக் கொண்டுவருதல் எளிதன்று. கல்லாங்காடாயும், நீர் நன்றாய் வடியக்கூடியதாயும் உள்ள துண்டே இதற்கு உகந்தது.

பாதையும் நிறுத்துமிடமும்

அமெரிக்க வண்டிகளில் பெரியவை 45 அடி நீளமும், எட்டரை அடி அகலமும், பதின்மூன்றரை அடி உயரமும் உடையவை. இழுத்துச் செல்லும் மோட்டாரும் சேர்ந்தால் நீளம் இன்னும் மிகும். பகலெல்லாம் ஓட்டிக் களைத்துவந்த ஒருவன், இருட்டில் இத்தகைய வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்த நேர்ந்தால் அவனுடைய முதல் அநுபவமே கசந்துவிடும். ஆகவே பாதை ஒருவழியாகச் சுற்றிவருதலும், சில இடங்களாவது ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்படி அமைதலும் சிலாக்கியம். பின்புறமாய் நுழையும் இடங்களைப் பாதைக்குச் சாய்வாக வகுத்தால் திருப்புதல் எளிதாகும். ஒருவழிப் பாதைக்கு 12 அடி அகலமும், இருவழிப் பாதைக்கு 20 முதல் 24 அடி அகலமும் ஏற்றவை.

நிறுத்துமிடம் ஏறக்குறைய மட்டமாய் இருத்தல் அவசியம். நூறடிக்கு ஒன்று முதல் இரண்டடி வரையிலான சரிவு மழைநீர் வடியப் போதும். அதற்குமேல் சாய்ந்தால் படுக்கை சாய்வதோடு, பல வண்டிகளிலுள்ள வாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டியும் சரியாய் வேலை செய்யாது.

அமெரிக்க வண்டிகளில் வாசல் வலப்புறத்திலும், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றின் இணைப்புகள் இடப்புறத்திலும் இருப்பது வழக்கம். ஆதலால் ஒவ்வோர் இடத்திலும் குழாயும் மின்கம்பமும் இடப்புறப் பின்பாகத்திலும், உணவு மேஜையும் நிழலும் வலப்புறத்திலும் வருதல் வேண்டும். செலவைக் குறைக்க எண்ணி வண்டிகளை நெருக்கி நிறுத்தினால், ஒருவன் உண்ணும் மேஜைக்கு நேரே அடுத்தவனுடைய கழிவுக்குழாய் வந்து நிற்கும். தாளில் கோடு போடும்போது இப்பிழை தெரியாது. விருந்தாளி வந்து உட்கார்ந்தவுடன் தெரியும்.

இங்கிலாந்தின் மாதிரி விதிகளின்படி, தீப்பரவாமலிருக்க வண்டிக்கும் வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு ஹெக்டேரில் 75 வண்டிகளுக்குமேல் கூடாது. இது ஏக்கருக்கு ஏறக்குறைய 30 ஆகும். இது மேல் எல்லையே. பிரயாணி இன்பமாய்த் தங்க வேண்டுமாயின் ஏக்கருக்குப் பத்துக்கு அண்மையில் நிறுத்திக்கொள்வதே உசிதம்.

தண்ணீரும் மின்சாரமும்

அமெரிக்காவில் இருவகை மின் இணைப்புகள் வழங்குகின்றன. 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் வரை தரும். பெரிய வண்டிகளுக்கான 50 ஆம்பியர் இணைப்பு 12,000 வாட் வரை தாங்கும். கோடைப் பகலில் எல்லா வண்டிகளிலும் குளிர்க்காற்று யந்திரம் ஒரே சமயத்தில் ஓடும் என்பதை மனத்திற்கொண்டே கம்பியின் பருமன் கணக்கிடப்பட வேண்டும். குடிநீர்க் குழாய்கள் அழுக்கு நீரைப் பின்னோக்கி இழுக்காதபடி தடுப்பு வால்வு பொருத்துதலும், குளிர்ப் பிரதேசங்களில் உறைபனி எட்டாத ஆழத்தில் புதைத்தலும் தவிர்க்கக்கூடாதவை. கழிவு கொட்டுமிடத்தில் தொட்டி கழுவும் குழாயில் 'குடிக்கத் தகாதது' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

கழிவுநீர்

பேட்டை கெடுவதும் கிணறு கெடுவதும் பெரும்பாலும் இதனாலேயே. வீட்டு மோட்டாரின் கழிவு, நீர் குறைவாய்ச் சேர்ந்து பல நாள் தேங்கியதாகையால், வீட்டுக் கழிவைக் காட்டிலும் மிகக் கடுமையானது. நாற்றம் நீங்கச் சிலர் ஊற்றும் ஃபார்மால்டிஹைடு முதலிய மருந்துகள், மக்குத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். பின்பு சிதையாத கழிவு கசிவு வாய்க்காலை அடைத்து, நிலத்தடி நீரில் இறங்கும். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய பழைய தொட்டியில் பத்து வண்டிகளின் கழிவை விடுவது, தன் கிணற்றையும் அண்டை வீட்டான் கிணற்றையும் ஒருங்கே பாழாக்குவதாகும். அமெரிக்காவில் நாளொன்றுக்கு 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ உபயோகிக்கக்கூடிய மக்குத் தொட்டிகள் தனி விதிக்கு உட்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே. குழாய்களுக்கு நூறடிக்கு ஒன்று முதல் இரண்டடி வரை சரிவு கொடுத்து, கிணற்றுக்குக் கீழ்ப்புறமாய் வெகு தூரத்தில் தொட்டி அமைத்து, கேடு செய்யாத மருந்துகளை மாத்திரம் அநுமதித்தல் நன்று.

மரமும் விறகும்

மாலை வெயில் கடுமையாகையால் மேற்குப்புறத்தில் நிழல்மரம் இருத்தல் நலம். பதினான்கு அடிக்குக் கீழுள்ள கிளைகளைக் கழித்துவிட வேண்டும். வெள்ளி மேப்பிள் போன்று காற்றில் எளிதாய் முறியும் மரங்களும், கூரைமேல் பிசின் சொட்டும் பைன் மரங்களும் வண்டிக்கு நேர்மேலே ஆகா. மரமில்லாத இடத்தில் பேட்டை திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே நட்டுவிடுதல் புத்திசாலித்தனம்.

பிரயாணிகள் தூரதேசத்து விறகைக் கொண்டுவருவதை எவ்வகையிலும் தடுத்தல் வேண்டும். ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு 2002-ஆம் ஆண்டில் மிச்சிகன் ராஜ்யத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விறகில் ஒளிந்து பல ராஜ்யங்களுக்குப் பரவி, கோடிக்கணக்கான மரங்களை அது மாய்த்துவிட்டது. உள்ளூர் விறகைக் கட்டுக்கட்டாய்ப் பேட்டையிலேயே விற்றால் பூச்சியும் வராது. குடியானவனுக்குச் சிறு வரவும் உண்டு.

கால்நடை

ஆடுமாடு காணவே பட்டணத்துக் குழந்தைகள் வருவர். எனினும் கால்நடை மேய்ந்த நிலத்தில் முகாம் இடுமுன், மூன்று வாரமாவது மேய்ச்சலை நிறுத்திச் சாணத்தையும் அகற்ற வேண்டும் என்று இங்கிலாந்தில் அறிவுறுத்துகிறார்கள். சாணத்திலுள்ள ஒருவகைக் கிருமி குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. கை கழுவச் சோப்பும் ஓடும் நீரும் தொழுவத்தருகே இருக்கட்டும். விருந்தினர் நாய்களைக் கட்டியே வைத்தல் மந்தைக்கு நன்மை.

சிறிதாய்த் தொடங்குதல்

இங்கிலாந்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் ஐந்து வண்டிகள் வரை தங்கும் சிறு இடங்களுக்குச் சான்று அளிக்கலாம். இவற்றுட் பல பண்ணைகளிலேயே உள்ளன. ஒரு மேய்ச்சல் துண்டு, ஒரு குடிநீர்க் குழாய், கழிவு கொட்டும் குழி ஆகிய அளவோடு குடியானவர் தொடங்குகின்றனர். இம்முறையே பின்பற்றத்தக்கது. பத்து இடமுள்ள பேட்டையில் பருவம் 120 நாளாயின், முழுதும் நிரம்பினால் 1,200 வண்டி-இரவுகள். பாதி நிரம்பினால் 600. மழை பெய்த வருஷத்தில் அதிலும் குறையும். நிரம்பிய கணக்கைக் காட்டிக் கடன் வாங்குவோன், பாதிக் கணக்கில் வட்டி கட்ட இயலுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஈடு வைப்பது நிலமாயிற்றே.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2021-ஆம் ஆண்டில் வீட்டு மோட்டார்ச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கை வெளியாகி, 2022-ஆம் ஆண்டில் வாகமண் மலையில் ஒரு பேட்டை திறக்கப்பட்டது. நம் நாட்டுக் குடியானவருக்கும் இத்தொழில் இனி முற்றும் அந்நியமன்று. இதில் இறங்க எண்ணுவோர் முதலில் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் ஓர் இரவு தாமே அந்நிலத்தில் தங்கி, நீர் எங்கே தேங்குகிறது, காற்று எப்புறம் வீசுகிறது, சாலை இரைச்சல் எவ்வளவு கேட்கிறது என்று கவனித்தல் வேண்டும். தாம் நிம்மதியாய்த் தூங்கமுடியாத இடத்தில் பிறர் விலை கொடுத்துத் தூங்குவர் என்று எதிர்பார்த்தல் வீண். தூங்கி எழுந்தவர் முகமலர்ச்சியோடு புறப்பட்டால், மறுவருஷம் அவரும் வருவார். அவர் சொல்லிப் பிறரும் வருவர்.