வேகம் மாறினால் சுருதியும் மாறும்

அக்காலப் பாடகர்கள் மிக உயர்ந்த சுருதியில் மின்னல் வேகத்தில் பாடினார்கள் என்று பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஒலிப்பதிவை மட்டும் கேட்டு அம்முடிவுக்கு வருவதை என்னால் ஏற்க இயலவில்லை.

தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும் என்பது பின்னாளில் நிலைபெற்ற வழக்கம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவுசெய்தபோது வேகத்துக்கு உறுதியான அளவில்லை. 74 சுற்றில் பதிவான தட்டை 78-இல் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும், காலப்பிரமாணம் விரையும், குரலின் கனமும் குறையும்.

விரைவுக்கு வேறொரு காரணமும் உண்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும். ஆலாபனையைச் சுருக்கி, சங்கதிகளைக் குறைத்து, கீர்த்தனையை அதற்குள் அடக்கவேண்டியிருந்தது. அத்தகைய தட்டையும் அதே வித்வானின் பிற்காலக் கச்சேரிப் பதிவையும் ஒப்பிட்டு, பாணி மாறிவிட்டதாகத் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்வார். அப்பேச்சு சிறுமியின் குரலாக ஒலித்தால் தட்டு விரைந்து சுழல்கிறது என்று கொள்ளலாம். (எல்லாப் பாடகர்களும் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா!)

அரக்குத் தட்டுகள் எளிதில் உடைபவை. மூலத்தட்டு அழிந்தபின், இணையத்தில் எஞ்சும் பிழையான சுருதியே அப்பாடகரின் சுருதியாகிவிடும். ஆகவே பதிவேற்றுவோர் பாடகர் பெயரோடும் ராகத்தோடும் நின்றுவிடாமல், தட்டில் பொறித்த எண்ணையும் சுழற்றிய வேகத்தையும், இரைச்சலை நீக்கியிருந்தால் அதனையும் உடன் குறிப்பிட வேண்டும்.