முடிக்காமல் விட்ட வீடுகள்

ஏழைகளுக்கு வீடு என்றாலே அடுக்குமாடியைக் கட்டிச் சாவியைக் கொடுப்பதுதான் என்று அரசுகள் பழகிவிட்டன. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1980களில் இந்தூரில் செய்தது வேறு. அந்நகர வளர்ச்சி ஆணையத்துக்காக, ஏறத்தாழ 85 எக்டேரில் 6,500 மனைகளோடு ஆரண்யா என்ற குடியிருப்பை வடிவமைத்தார். மூன்றில் இரண்டு பங்கு மனைகள் மிக எளிய வருமானக்காரர்களுக்கு. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு கிரவுண்டில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதில் அடித்தளம், கழிப்பறை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றைத் தந்துவிட்டு, மற்றதைக் கையில் காசு சேரும்போது குடும்பமே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். எப்படிக் கட்டலாம் என்பதற்கு 80 மாதிரி வீடுகளையும் தோஷி கட்டிக் காட்டினார். வசதியானவர்களுக்கு விற்ற மனைகளின் வருமானம் ஏழைகளின் செலவைத் தாங்கியது.

அரைகுறையாகக் கொடுத்துவிட்டு அரசு கைகழுவுவதற்கு இது நல்ல சாக்கு அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு குடும்பம் தன்னால் செய்துகொள்ள முடியாதவை எவை? சாக்கடை, குடிநீர், சட்டப்படியான மனை உரிமை. ஆரண்யாவில் முதலில் கிடைத்தவை இவையே. சுவர் எழுப்பவும் மாடி போடவும் மக்களுக்குத் தெரியும். தோஷியின் குழு இந்தூரின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தபோது, பிழைப்பும் பேச்சும் வாசலிலும் தெருவிலும்தான் நடக்கின்றன என்று கண்டது. அதனால்தான் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே திண்ணைக்கும் படிக்கும் இடம் விட்டார்கள். ஏழாவது மாடியில் குடியேற்றப்படும் இட்லிக் கடைக்காரிக்கு இந்த வாசல் கிடையாது. வீடு கிடைத்த அன்றே தொழில் போய்விடுகிறது. ஆரண்யாவின் ஒட்டிய சுவர்களும் குறுகிய தெருக்களும் வெயிலையும் குறைக்கின்றன.

நகரத்தில் இதற்கு நிலம் ஏது என்பார்கள். ஆரண்யாவில் இப்போது 80,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள்; எக்டேருக்கு 900 பேருக்கும் அதிகம். லிப்ட் இல்லாமலே இவ்வளவு நெருக்கம் சாத்தியம். முதலில் மனை பெற்ற ஏழைகளில் பலர் பின்னர் விற்றுவிட்டுப் போனது உண்மை, வருத்தத்துக்குரியதும்கூட. ஆனால் ஒதுக்கீட்டு வீடுகள் கைமாறுவது அடுக்குமாடிகளிலும் நடக்கிறது. அதைத் தடுக்க வேண்டியவை வருமானமும் கடன் வசதியும், வரைபடம் அல்ல. சென்னையிலும் 1970களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இதே வழியில் மனைகள் கொடுத்தார்கள். பிறகு அந்த வழியைக் கைவிட்டு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் விளிம்பிலுள்ள அடுக்குமாடிகளுக்கு மக்களைக் கொண்டுபோனோம். அடுத்த அடுக்குமாடிக்கு வரைபடம் போடுமுன், அதிகாரிகள் ஒருமுறை கொடுங்கையூர்த் தெருக்களில் நடந்துவிட்டு வரட்டும்.