சொரிமுத்து அய்யனார் காட்டில் சுத்தமாகத் தங்குவோம்

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எப்போது கிளம்புவது? பாபநாசத்துக்கு மேலே, காரையாறு காட்டுக்குள், ஆற்றங்கரையில் இருக்கிறது கோயில். கைக்குழந்தை முதல் பாட்டி வரை குடும்பமே திரண்டு போய், குடில் போட்டு, அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு, தங்கிக் கும்பிட்டுவிட்டு வரும். காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவதை இன்று சுற்றுலா நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்து தருகின்றன. இந்தக் குடும்பங்களுக்கோ அது பாட்டன் காலத்துப் பழக்கம்.

அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-ல் அமைந்த இதுதான் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். எத்தனை நாள் தங்கலாம், எங்கே குடில் போடலாம் என்பதை வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே அறிவிக்கின்றன. சில நாள்தான் என்றாலும், ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் சமைத்து, குளித்து, உறங்கும்போது சுத்தம் தவறினால் பேதியும் காய்ச்சலும் வீடு வரை கூடவே வரும். நாம் விட்ட அழுக்கு ஆற்றோடு போகும். இரண்டையும் தடுக்க ஒரு வழி உண்டு. தண்ணீரை மொண்டு நம் இடத்துக்குக் கொண்டுவந்து புழங்குவோம். அழுக்கை ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முழுக்கு ஆற்றில், சோப்பு கரையில்

பொதிகையில் பிறந்து, தமிழக எல்லைக்குள்ளேயே ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது தாமிரபரணி. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர் பெருமளவு இந்த ஆற்றை நம்பியிருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள்தான். மேலே நாம் கழுவிவிடும் நுரை நம் வீட்டுக் குழாய் இருக்கும் திசையில்தான் போகிறது.

சாமி கும்பிட ஆற்றில் தாராளமாக முழுகுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியலை ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் நடையில் அது 80 எட்டு இருக்கும். கொடிக்கயிற்றில் பழைய படுதாவைக் கட்டி மறைத்து, ஒரு வாளி தண்ணீர், ஒரு சொம்போடு குளித்தால் போதும். விழும் நீரை மண் உறிஞ்சி வடிகட்டிவிடும். சீயக்காயும் அரப்பும் இயற்கைப் பொருள்தானே, அவற்றை ஆற்றில் தேய்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் நுரை தருவது சப்போனின் என்ற பொருள். மீன்களுக்கு அது நஞ்சு. ஆகவே அதுவும் கரையிலேயே ஆகட்டும்.

பாபநாசத்தில் உடுத்திய துணியை ஆற்றோடு விடும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. இன்றைய துணிகளில் பெரும்பகுதி செயற்கை இழை, எளிதில் மட்காது. பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்து அடுத்தவர் காலில் சுற்றும். ஆற்றில் முழுகியாயிற்று, ஈரத்துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதால் புண்ணியம் ஒன்றும் குறையாது.

குடில் வாசலில் ஒரு குழாய்

காட்டில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவாத கைதான். வீட்டில் குழாயும் சோப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் கழுவுகிறோம். குடிலில் அவை எங்கோ இருப்பதால் விட்டுவிடுகிறோம். அதனால் முதல் வேலையாக வாசலில் கைகழுவ ஓர் இடம் செய்துவிடுங்கள். குழாய் வைத்த 20 லிட்டர் கேனைக் கல் அடுக்கி அதன்மேல் ஏற்றுங்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டு, குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மண்ணில் விழாது, தொலையாது, வலையோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை நன்றாக வரும். கீழே சரளைக்கல் பரப்பினால் சேறாகாது. குழந்தைகள் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். பேத்தியோடு பாட்டியும் நின்று ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினால், சமைக்கிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிடும்.

ஆற்று நீர் பளிங்குபோல் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆறவையுங்கள். குளோரின் மாத்திரை என்றால் உறையில் சொன்ன அளவில் போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். குடிநீர்ப் பாத்திரத்துக்குள் கை படாமல் நீண்ட பிடியுள்ள மொள்ளும் கரண்டி ஒன்று தனியாக இருக்கட்டும்.

கறி சமைக்கிறவர்கள் பச்சைக் கறி வெட்டிய அரிவாள்மனையில் காய் நறுக்க வேண்டாம். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கே உலை வையுங்கள். மிஞ்சிய குழம்பை மறுநாள் சுடவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டுக்கும் அழியாது. யாருக்காவது பேதி தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். கையில் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி கொடுத்தபடியே மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போங்கள்.

பெண்கள் தாகத்தை அடக்கக் கூடாது

திருவிழாக் காட்டில் பெண்கள் படும் பாட்டை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கழிவறைக்கு வரிசையில் நிற்க வேண்டுமே, இருட்டில் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பியபின் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுப்பவர்கள் உண்டு. யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் புதர்ப் பக்கம் ஒதுங்குவதும் ஆபத்து. தற்காலிகக் கழிவறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒரு வாளித் தண்ணீரை முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பதும், இரவில் டார்ச் விளக்கோடு துணைக்குப் போவதும் வீட்டு ஆண்களின் பொறுப்பு.

கோயில் பயணம் என்று தேதி பார்த்துக் கிளம்பினாலும் மாதவிலக்கு சொல்லிவைத்து வருவதில்லை. வீட்டில் வயதுக்கு வந்த பெண்கள் இருந்தால் நாப்கினும், பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிப் போட மூடியுள்ள டப்பா ஒன்றும் கட்டாயம் கொண்டுபோங்கள். காட்டில் புதைத்தால் பன்றி தோண்டிப் போடும். டப்பாவோடு ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே சரி.

திரும்பிய பின்னும் கவனம்

புதரும் புல்லும் உள்ள இடங்களில் மிக நுண்ணிய பூச்சி ஒன்று கடித்துப் பரப்புவது உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். கடித்தது தெரியாது, வலிக்கவும் வலிக்காது. வெறும் புல்லில் படுக்காமல் தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஜமுக்காளம் போடுங்கள். கழற்றிய துணியைப் புதரில் காயப்போடாமல் கொடியில் போடுங்கள். வீடு வந்ததும் வெந்நீரில் தேய்த்துக் குளித்து, துணிகளையும் வெந்நீரில் அலசுங்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் கயிறு கட்டும் இடம், காதின் பின்புறம் என்று உடம்பு முழுக்கப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டி, காட்டில் தங்கியதைச் சொல்லுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே காட்டுக்குப் போய்வந்ததை எப்படியும் சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்து இதைக் குணப்படுத்தும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டும். குடும்பத்தில் வரி பிரிக்க உட்காரும் அன்றே வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் சுமப்பது யார், கைகழுவும் கேனை நிரப்புவது யார், குப்பையைக் கட்டி ஊருக்குக் கொண்டுவருவது யார். சமையலும் குழந்தைகளும் ஏற்கெனவே பெண்கள் தலையில்தான் இருக்கின்றன. இந்த மூன்று வேலையையும் ஆண்கள் பெயரில் எழுதுங்கள்.